மைண்ட் மேப் (குறிப்புகளைக் கட்டங்களாகக் கிளைவிட்டு வரையும்) செயலியில் தமிழ்ச் சொல் தேடினால் அகப்படவில்லை, என்ன மாற்றம் கேட்கலாம்?

வேலூர் வரலாற்றுக் குறிப்புகளில் ‘கோட்டை’ என்று தேடினால் சில கட்டங்கள் விடுபடுகின்றன என்கிறீர்கள். ‘கோ’ யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ககரத்தோடு ஓகாரக்குறி என இரண்டு குறியீடுகள், அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என மூன்று. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளில் இது நேரலாம். தேடுசொல், கட்டத்திலுள்ள எழுத்து இரண்டையும் முதலில் என்எஃப்சி (NFC, பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே சீராக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடும்படி செயலியை உருவாக்கியவர்களிடம் கேளுங்கள். பிரச்சினை தரும் சொல்லை இரண்டு விதமாகவும் அனுப்புங்கள், வெறும் ஸ்கிரீன்ஷாட் உதவாது. அதுவரை அந்த ‘கோ’வை அழித்து மறுபடி தட்டச்சு செய்தால் போதும்.

இன்னொன்றும் அவசியம் கேளுங்கள்: ஒரே கட்டத்தை இரண்டு தாய்க்கிளைகளின் கீழ் வைக்கும் வசதி. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி ‘கோட்டை’யிலும் வரும், ‘திப்புவின் பிள்ளைகள்’ கிளையிலும் வரும். நகலெடுத்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையபடியே நிற்கும்.