முந்திரித் தோப்பை இப்போதே விற்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். பண்ருட்டி பக்கம் முக்கால் ஏக்கர் முந்திரித் தோப்புதான் எங்கள் சொத்து. அதை விற்று மாற்று அறுவைச் சிகிச்சை செய்துவிடலாமா? தெரிந்தவர் ஒருவர், “கொடுக்க ஆள் இருக்கு, நான் பார்த்துக்கறேன்” என்கிறார். மகன் கடலூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான்.

பதில்: அம்மா, முதலில் அந்தத் தெரிந்தவரை வாசலோடு அனுப்புங்கள். சிறுநீரகத்தை விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களை வைத்து நடந்த சிறுநீரகப் பேரம் 2025-இல் வெளியே வந்ததே, அதுவும் “நான் பார்த்துக்கறேன்” என்று தொடங்கியதுதான். முன்பணம் வாங்கியதும் இவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். நீங்கள் போலீசுக்கும் போக முடியாது.

டயாலிசிஸ் ஒரே தடவையில் முடிகிற செலவில்லை. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், கடலூருக்கு இரண்டு பேர் பஸ் கட்டணம், அவருடைய கூலி, கூடப் போகும் உங்கள் கூலி, வெளியே வாங்கச் சொல்லும் ரத்தம் ஏறுவதற்கான ஊசி என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். தோப்பை விற்ற பணம் இதிலேயே கரைந்துவிடும். அதனால் சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். டயாலிசிஸ், மாற்று அறுவை இரண்டுமே அதில் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்கு நேரே போங்கள். அங்கே பைசா வாங்க மாட்டார்கள். வெளியே மரத்தடியில் நின்று “கார்டு போட்டுத் தர்றேன்” என்பவனுக்கு ஐநூறு கொடுத்தால், அவனும் அதே வரிசையில்தான் நிற்பான். மருத்துவமனையில் கார்டு இருந்தும் பணம் கேட்டால், ரசீது தரச் சொல்லுங்கள். 1800 425 3993-இல் புகார் கொடுங்கள். வருமானச் சான்றிதழுக்காக விஏஓவைத் தேடி நோயாளி வீட்டுக்காரர்கள் எத்தனை நடை நடப்பது? சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் என்ற கழிவு, கையெழுத்துக்காகக் காத்திருக்காது என்று இந்த அலுவலகங்களுக்கு யார் சொல்வது?

உங்கள் மகன் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவன் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அவனை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்றாலும் உண்டு. நிபந்தனை, பெற்றோரின் வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து மாதம் 9,000-ஐத் தாண்டக் கூடாது. தோப்பு வருமானமும் கணக்கில் வரும்; முந்திரி வருடத்துக்கு ஒருமுறை வருவதால் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அப்புறம், பிடித்தம் இருந்தும் உங்கள் பெயர்கள் பதிவில் இல்லாமல் போயிருக்கலாம். மேஸ்திரி “எல்லாம் இருக்கு” என்பார். நம்பாதீர்கள். மகனையே ஈஎஸ்ஐ பதிவைத் திறந்து, குடும்பத்தார் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கையில் ஃபிஸ்டுலா போடுவதை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் சின்ன அறுவையை, தள்ளிப் போடாதீர்கள். அது தயாராகக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். போடாமல் விட்டால் அவசரத்தில் கழுத்தில் குழாய் போடுவார்கள். அது சீழ் பிடித்து, வார்டில் படுக்க வைத்தால் அந்தச் செலவு தனி. ஃபிஸ்டுலா போட இருக்கும் கையில் ஊசி குத்தவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள்.

கைக்குப் பணம் தேவையென்றால் இந்த வருட மகசூலை மட்டும் குத்தகைக்கு விடுங்கள். பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும்.