முதல் கில்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். கோடையில் ஸ்காட்டிஷ் நண்பர் ஒருவருக்குக் கல்யாணம், கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை) உடுத்தி வரச் சொல்கிறார். ராயல் மைல் கடைகளில் மலிவாகத் தொங்குவதை வாங்கிவிடலாமா? ஸ்காட்டிஷ் குலம் எதையும் சேராத நான் எந்த டார்டனை, அதாவது குலத்துக்குக் குலம் மாறும் அந்தக் கட்டம் போட்ட துணியில் எதை, உடுத்துவது?

பதில்: குலக் கவலையை முதலில் விடுங்கள். உங்கள் குலத்து டார்டனைத்தான் உடுத்த வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. பால்மோரல் போன்ற ஒன்றிரண்டு அரச குடும்பத்துக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள். கரும்பச்சையும் நீலமும் கலந்த பிளாக் வாட்ச் டார்டனை யார் உடுத்தினாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதல் கில்ட்டுக்கு நான் சொல்வது அதைத்தான்.

கவலைப்பட வேண்டியது துணியைப் பற்றி. சுற்றுலாக் கடைகளின் மலிவுச் சரக்கு பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. மடிப்பு நிற்காது, காற்றடித்தால் பறக்கும். கல்யாணத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மரபான கில்ட் முழுக் கம்பளி, சுமார் 8 கெஜம் பிடிக்கும். கோடையாச்சே என்று கடைக்காரர் கெஜத்துக்கு 13 அவுன்ஸ் எடையுள்ள இலேசான துணியைக் காட்டலாம். அதுவும் நல்ல துணிதான். ஆனால் 16 அவுன்ஸ் எடையுள்ளது விழுகிற அழகே தனி. ஸ்காட்லாந்துக் கோடையில் அதன் சூடு ஒன்றும் செய்யாது.

கடையில் கில்ட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கத்துக் கட்டம் அத்தனை மடிப்புகளுக்குப் பிறகும் பின்னால் அறுபடாமல் ஓட வேண்டும். (ராணுவப் பாணியில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வரும், அது குறை இல்லை.) அடியோரத்தையும் விரலால் தடவுங்கள். மரபான கில்ட்டின் அடியில் மடித்துத் தைத்திருக்காது, நெய்த கரையே ஓரமாக நிற்கும்.

ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிடாதீர்கள். கில்ட் நிற்பது தொப்புளை ஒட்டி. அடி ஓரம் முழங்கால் சில்லின் நடுவுக்குக் கீழே போகக் கூடாது. தைப்பவரே நேரில் அளவெடுக்கட்டும். கையால் தைத்துத் தரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் கல்யாணம் வந்துவிடும் என்றால் இந்த முறை வாடகைக்கு எடுங்கள், சொந்தக் கில்ட்டை நிதானமாகத் தைக்கக் கொடுக்கலாம். இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பையும் வாடகைக்குக் கிடைக்கும்.

அப்புறம், கில்ட்டின் முன்பக்கத்தில் இரண்டு துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அலங்காரமாகக் குத்தும் கில்ட் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.