புராஸ்டேட் புற்றுநோய்: கேள்விகளும் சிஸ்டரின் பதில்களும்

மதுரையில் சிறுநீரகவியல் வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டரின் வேலை. பரிசோதனை, டியூப், ஊசி, வீட்டுப் பராமரிப்பு பற்றித் தாராளமாகக் கேளுங்கள்.

மேலூர்: அப்பாவுக்கு வயது 66. பிஎஸ்ஏ 9.2. நாலுக்கு மேல் போனாலே கேன்சர் என்கிறார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள், தம்பி. பிஎஸ்ஏ என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறார்கள். கேன்சரில் ஏறும். வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் ஏறும். யூரினில் கிருமி இருந்தாலும், அடைப்பு வந்து யூரின் டியூப் போட்டிருந்தாலும் ஏறும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்திய உறவும் நீண்ட தூர சைக்கிளும் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

யூரின் பரிசோதனை செய்தாயிற்றா? கிருமி இருந்தால் அதைக் குணப்படுத்தி, ஆறு முதல் எட்டு வாரம் விட்டு, அதே லேப்பில் மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பார், எம்ஆர்ஐ எழுதுவார். அந்த ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும், கூடக்கூடக் கேன்சர் சந்தேகம் கூடும். 4, 5 என்றால் பயாப்ஸியை, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதை, தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, இதை எல்லோரும் கவனியுங்கள். வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் பிஎஸ்ஏ ஏறக்குறையப் பாதியாகத்தான் காட்டும். 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

செல்லூர்: கத்தி பட்டால் பரவிவிடும், பயாப்ஸி வேண்டாம் என்கிறார் பெரியப்பா.

பயாப்ஸியால் பரவும் என்று பயப்பட வேண்டாம். அது கத்தியும் இல்லை, ஊசி. முற்றிய பிறகு வந்தவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கும், பழி ஊசி மேல் விழும். யூரினில் சில நாள் ரத்தம் தெரியலாம், விந்தில் இன்னும் கொஞ்ச காலம் தெரியும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திருநகர்: அடைப்புக்காக முன்பே புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கு இனி கேன்சர் வராதுதானே?

வரலாம் ஐயா. அந்த ஆபரேஷனில் பழத்தின் உள்சதையைக் குடைவது போல நடுப்பகுதியைத்தான் எடுக்கிறார்கள். வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சோழவந்தான்: பிஎஸ்ஏ 5.1. கேன்சரா?

மேலூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். மாத்திரை அட்டையை மறக்காதீர்கள்.

திருப்பரங்குன்றம்: என் கணவருக்கு கிளீசன் 3+3=6. இப்போதைக்குக் கண்காணித்தால் போதும் என்கிறார் டாக்டர். கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

சும்மா இல்லை அம்மா. கிளீசன் என்பது பயாப்ஸித் துணுக்கைப் பார்த்துக் கேன்சரின் வேகத்தைச் சொல்லும் எண். பயாப்ஸியில் கேன்சர் என்று வருவதில் 6 தான் மிகக் குறைந்த வகை, மெதுவாக வளர்வது. பிஎஸ்ஏவும் எம்ஆர்ஐயும் அதற்கு ஒத்துப்போனால் கண்காணிப்பு முறையான வைத்தியம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, இடையில் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று போகும். நோய் வேகம் எடுத்தால் அப்போது ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்யலாம். குறித்த தேதியில் அவரைக் கூட்டிக்கொண்டு போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அவனியாபுரம்: கேன்சருக்காகப் புராஸ்டேட்டை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து, யூரின் டியூபையும் எடுத்துவிட்டார்கள். எழுந்தாலே யூரின் கசிகிறது. மகள் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போக முடியவில்லை.

ஐயா, இது பெரும்பாலானவர்களுக்கு வருவது, மாதங்கள் போகப்போகக் குறைவது. சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். வாயுவை அடக்கும்போது இறுக்குவீர்களே, அந்தத் தசைதான் கசிவைத் தடுப்பது. படுத்துக்கொண்டு அதை மட்டும் இறுக்குங்கள். வயிறும் தொடையும் பிட்டமும் அசையக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சில விநாடி இறுக்கி, அதே நேரம் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பழகியதும் உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். நாற்காலியிலிருந்து எழும் முன், இருமும் முன், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் முன் ஓர் இறுக்கு. யூரின் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம்.

சாயங்காலம் தசை களைத்துக் கசிவு கூடும், பயப்படாதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபி டீயைக் குறையுங்கள். விசேஷத்துக்குப் போங்கள். கால்சட்டைக்குள் பேட் வைத்து, மேலே அடர்நிற வேட்டி கட்டினால் யாருக்கும் தெரியாது. விறைப்புத் திரும்புமா என்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், நானே சொல்கிறேன். நரம்பைக் காப்பாற்றியிருந்தால் இரண்டு வருஷம் வரைகூடத் தேறிக்கொண்டு வரும், மருந்தும் உண்டு. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

உசிலம்பட்டி: அப்பாவுக்கு எலும்புக்குப் பரவிவிட்டது. விரைகளை எடுக்கலாம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறார்கள். எது நல்லது?

இரண்டின் நோக்கமும் ஒன்றுதான். புராஸ்டேட் கேன்சருக்குத் தீனி போடுவது ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஆபரேஷன் சிறியது, ஒரே தடவை, ஹார்மோன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். வழக்கமாகப் போடும் ஊசியில் முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு சில வாரங்களில் இறங்கும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்கத்தான் முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள், அதை விட்டுவிடக் கூடாது.

வாடிப்பட்டி: பணம் இருக்கிறவனுக்கு ஊசி, ஏழைக்குக் கத்தியா? இது அநியாயம் சிஸ்டர்.

காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மேஜையில் ஏற்றுவது அநியாயம்தான். ஆனால் ஆபரேஷனை மட்டமான வைத்தியம் என்று நினைக்காதீர்கள். நோயை அடக்குவதில் அது ஊசிக்குக் குறைந்ததில்லை.

போடி: வாடிப்பட்டி அண்ணன் பேசுவது சுலபம். எங்கள் அப்பாவுக்கு ஏலக்காய் அறுவடையில் ஊசித் தேதி தவறிப் போய், முதுகு வலி திரும்பிவிட்டது. கடைசியில் ஆபரேஷன்தான் செய்தோம்.

வாடிப்பட்டி: தேதி தவறியது உங்கள் கவனக்குறைவு. ஓர் ஆம்பளையின் மனசை யோசித்தீர்களா?

அண்ணே, அவரைக் குறை சொல்ல வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு நாள் கூலி. மனசு பற்றி நீங்கள் சொல்வது சரிதான், அதனால்தான் இதை மகன்கள் முடிவு செய்யக் கூடாது என்கிறேன். வார்டில் பிள்ளைகள் வராந்தாவில் கூடிப் பேசுவார்கள், அப்பா கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். உசிலம்பட்டித் தம்பி, அப்பாவிடம் இரண்டையும் விளக்கி அவரையே சொல்லச் சொல்லுங்கள். விரையின் மேலுறையை விட்டுவிட்டு உள்ளே சுரக்கும் பகுதியை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, வெளியே அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. எதைத் தேர்ந்தாலும் ஆசை குறையும், திடீர் வெக்கை வரும், எலும்பு தேயும், சர்க்கரையும் எடையும் ஏறும். தினமும் நடக்கட்டும். கால்சியம், வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எலும்புக்குப் பரவியவர் வீட்டில் எல்லோரும் இதை மனத்தில் வையுங்கள்: முதுகு வலியோடு கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, யூரின் திடீரென நின்றாலோ தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அன்றே போக வேண்டும். இந்த நோயில் மற்ற முடிவுகளுக்கு யோசிக்கப் பெரும்பாலும் அவகாசம் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

சிம்மக்கல்: பிஎஸ்ஏ 6.8, கேன்சரா?

மறுபடியும் அதே கேள்வி. எண்ணை மட்டும் அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வயது என்ன, யூரினில் கிருமி உண்டா, என்ன மாத்திரை? அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.

கப்பலூர்: கதிர்வீச்சுக்கு யூரினை நிரப்பி வைக்கச் சொல்கிறார்கள். பஸ்ஸில் அடக்க முடியவில்லை.

ஊரிலிருந்தே அடக்கிக்கொண்டு வராதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து யூரின் போய்விட்டு, அங்கே சொல்லும் அளவு தண்ணீரைச் சொல்லும் நேரத்தில் குடியுங்கள். சிறுநீர்ப்பை தினமும் ஒரே அளவு நிறைந்திருந்தால்தான் குடலும் பையும் கதிரிலிருந்து தள்ளி நிற்கும். மலச்சிக்கல் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆரப்பாளையம்: செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கு இடம் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கதிர்வீச்சு என்றால் பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுத்தால் போதும்.