பழைய மவுசருக்கு எந்தத் தோட்டா, எந்த சைட்?

கேள்வி: மவுசர் 98 என்ற ஜெர்மன் போல்ட் ரைஃபிள் அமைப்பில் செய்த பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று வாங்க ஆசை. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 7×57 தோட்டாவுக்கானது (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீள உறை), இன்னொன்று .30-06 தோட்டாவுக்கானது. இரண்டிலும் லென்ஸ் இல்லாமல் குறிபார்க்கும் திறந்த சைட்தான். மான், காட்டுப்பன்றிக்குத்தான் தேவை, அதுவும் 150 மீட்டருக்குள். விற்பவர், ".30-06-ஐ எடுங்கள், துளை போட்டு ஸ்கோப் மாட்டித் தருகிறேன்" என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: 7×57-ஐ எடுங்கள். எதை எடுத்தாலும் துளை மட்டும் போட விடாதீர்கள்.

முதலில் தோட்டா. .30-06 நல்ல தோட்டா, அதில் சந்தேகமே இல்லை. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது, இதைவிடப் பெரிய விலங்குக்கும் போதும். ஆனால் நீங்கள் சொல்லும் வேலைக்கு அந்தக் கூடுதல் பலம் தேவையே இல்லை. 7×57-இல் 140 கிரெயின் (ஏறக்குறைய 9 கிராம்) குண்டு, .30-06-இல் 180 கிரெயின் குண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 100 மீட்டருக்குச் சரிசெய்தால், 150 மீட்டரில் இரண்டுமே ஏறக்குறைய 5 செ.மீ.தான் இறங்கும். உதையில்தான் பெரிய வித்தியாசம். ஒரே எடையுள்ள ரைஃபிளில் 7×57-இன் உதை கால் பங்குக்கு மேல் குறைவு. உதைக்குப் பயந்தவர் விசையை நிதானமாக அழுத்த மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெடுக்கென்று இழுப்பார். விலங்கு காயத்தோடு ஓடிப்போவது இப்படித்தான். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் இதே 7×57 தோட்டாதான், பெயர் மட்டும் வேறு.

இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். குறிப்பிட்ட விலங்குக்குக் குறைந்தபட்சம் இந்தக் காலிபர் (குழலின் உள்விட்டம்), இவ்வளவு ஆற்றல் என்று பல நாடுகளில் சட்டம் உண்டு. அடுத்தது, 7×57 எல்லாக் கடையிலும் இருக்காது. தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கிடைக்காது என்றால் .30-06-ஐயே எடுத்து 150 கிரெயின் குண்டு போடுங்கள், உதை கொஞ்சம் தணியும்.

பழைய 7×57 குழல்கள் பல, 173 கிரெயின் எடையுள்ள நீளமான குண்டுக்காக வெட்டப்பட்டவை. இலேசான குண்டுகள் அவற்றில் ஒரே இடத்தில் படாமல் அங்கங்கே சிதறிப் படலாம். ஒரே பெட்டித் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட்டுக் குழலைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து சைட். விற்பவர் துளை போடுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்கிறார், ஆனால் வேலை துளையோடு முடியாது. 98-இன் சேஃப்டி, அதாவது தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் நெம்பு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது மேலே நிமிர்ந்து நிற்கும். ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டினால் அதில் இடிக்கும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது அதுவும் இடிக்கலாம். ஆக, கைப்பிடியை வளைக்க வேண்டும், சேஃப்டியை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட்டை உயரமாகப் போட வேண்டும். உயரமாகப் போட்டால் கன்னம் ரைஃபிளின் மரக்கட்டையில் படாது. கன்னம் நிலையாகப் படாத ரைஃபிளில் ஒரு முறை பார்த்த இடத்தில் மறுமுறை கண் வந்து நிற்காது.

ஒரு சோதனை சொல்கிறேன். தோட்டா இல்லை என்று போல்ட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகப் பதித்து, கண்ணைத் திறங்கள். குழல் நுனியிலுள்ள முன் சைட்டின் மணி (சிறு குமிழ்), பின் சைட்டின் வெட்டுக்குள் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தால், அந்தக் கட்டை திறந்த சைட்டுக்காகவே செதுக்கப்பட்டது. அதற்கு மேல் 4 செ.மீ. உயரத்தில் ஸ்கோப்பை வைப்பது அதன் வடிவத்துக்கே எதிரான வேலை.

ஸ்கோப் கட்டாயம் வேண்டும் என்றால், முன்பே யாரோ ஒருவர் துளை போட்டுவிட்ட ரைஃபிளைத் தேடுங்கள். சேகரிப்பாளர்கள் அதைத் தொட மாட்டார்கள், அதனால் விலையும் இறங்கியிருக்கும். அந்த நஷ்டம் ஏற்கனவே வேறொருவர் தலையில் விழுந்தாயிற்று, நீங்கள் நிம்மதியாக 4×32 ஸ்கோப் (4 மடங்கு பெரிதாக்கும், 32 மி.மீ. முன்கண்ணாடி) ஒன்றை மாட்டலாம். ஒரு நல்ல ரைஃபிளை முதன்முதலாகத் துளைக்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

கேள்வி: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பின் சைட் மங்கலாகத் தெரிகிறது. ஸ்கோப்பும் பிடிக்கவில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு, பீப் சைட். அதில் பின் சைட்டாக வெட்டுக்குப் பதில் ஒரு சின்ன வளையம் இருக்கும். வி வடிவ வெட்டில் பின் சைட், மணி, இலக்கு என்று மூன்றையும் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். பீப் சைட்டில் அந்தச் சின்ன வளையத்தைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பாருங்கள். வளையத்தின் நடுவைக் கண் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மணியை இலக்கில் வைத்தால் போதும். வேட்டைக்கு அகலமான துளை உள்ளதாக வாங்குங்கள். குறுகிய துளை மாலை வெளிச்சத்தில் இருண்டுவிடும். சில மாடல்களுக்கு ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) பக்கவாட்டில் துளை வேண்டியிருக்கும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குண்டு மேலே படுகிறதென்றால் உயரமான மணி வேண்டும். கீழே படுகிறதென்றால் மணியைத் தாழ்த்த வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மணியை அராவி வீணாக்குகிறார்கள்.

கேள்வி: பழைய ஜெர்மன் வேட்டை ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறது. 8×57 என்று குழலில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் 8 எம்.எம். மவுசர் தோட்டா எதுவானாலும் போடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: தவறு, ஆபத்தான தவறு. 8×57-இல் இரண்டு வகை உண்டு. ஜே என்பதன் குண்டு .318 அங்குலம், ஜேஎஸ் என்பதன் குண்டு .323 அங்குலம். ராணுவம் பெரிய குண்டுக்கு மாறிய பிறகும் பல வேட்டை ரைஃபிள்கள் சிறிய அளவிலேயே செய்யப்பட்டன. பெரிய குண்டைச் சிறிய குழலில் திணித்தால் அழுத்தம் எகிறும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் இது. குழலில் 'எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். இடையில் யாராவது குழலை மாற்றியிருக்கலாம், தோட்டா உட்காரும் சேம்பரைத் திருத்தியிருக்கலாம். துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து அளக்கச் சொல்லுங்கள். கூடவே ஹெட்ஸ்பேஸையும், அதாவது மூடிய போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடம் வரையிலான அளவையும், சோதிக்கச் சொல்லுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.