வல்லரசு விழுந்தா அதோட மொழியும் கூடவே விழுந்துருமா?

உடனே விழாது. நமக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு, போர்த்துக்கீசியம்.

காலேஜ்ல என் ரூம்மேட் யாழ்ப்பாணத்துப் பையன். வந்த முதல் வாரமே "சப்பாத்தைக் கதிரைக்கு மேல வையாதேங்கோ"ன்னான், அப்புறம் கடையில போய் "பாண் இருக்கோ"ன்னு கேட்டான், கடைக்காரர் பாவம் முழிக்கறார். நான் ஏதோ பழந்தமிழ் போலன்னு மரியாதையா கேட்டுட்டு இருந்தேன், பார்த்தா ஷூ, நாற்காலி, பிரெட் மூணுக்கும் அவன் சொன்னது போர்த்துக்கீசியத்துல இருந்து வந்த வார்த்தையாம். கிண்டல் பண்ணலாம்னு வாயைத் திறந்தா, "நீங்கள் சொல்லுற சாவி, ஜன்னல், ஏலம் எல்லாம் என்னவாம்?"னான். கப்சிப்.

1498ல வாஸ்கோ டகாமா வந்தப்புறம் கோவா, கொச்சி, கொழும்பு, மலாக்கான்னு துறைமுகம் துறைமுகமா அவங்க உட்கார்ந்துட்டாங்க, அங்க பொழைக்கணும்னா தரகர்ல இருந்து மாலுமி வரைக்கும் இலக்கணமெல்லாம் உதிர்ந்துபோன ஒரு அரைகுறை போர்த்துக்கீசியம் பேசியாகணும். அந்த அரைகுறைதான் பரவுச்சு, லிஸ்பன்ல பேசற சுத்தமான மொழி இல்ல.

அப்புறம் டச்சுக்காரங்க வந்து 1641ல மலாக்கா, 1656ல கொழும்பு, 1658ல யாழ்ப்பாணம், நாகப்பட்டினம்னு வரிசையா பிடுங்கிட்டாங்க. கோட்டையில கொடி மாறுச்சு, ஆனா கோட்டைக்குள்ள அடுப்படியில மொழி மாறல! ஏன்னா டச்சு சிப்பாய் கட்டிக்கிட்டது போர்த்துக்கீசியம் பேசற உள்ளூர்ப் பொண்ணை, குழந்தையைத் தூக்கி வளர்த்தது அதே மொழி பேசற ஆயா (ஆயாவும் போர்த்துக்கீசிய வார்த்தைதான்), அப்புறம் அந்தக் குழந்தை எங்க டச்சு பேசும். டச்சு தெரியாத அடிமைகளுக்கு மொட்டை அடிக்கணும்னு கொழும்புல உத்தரவு கூட போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் வேலைக்காகல. படேவியால, அதாவது இன்னிக்கு ஜகார்த்தால, டச்சுக் கம்பெனியோட தலைமையிடத்துலயே இதே கூத்துதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் இங்கிலீஷ்காரனோடது. 1698ல கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்துல, இந்தியாவுக்கு வர்ற பாதிரிமார் வந்த ஒரு வருஷத்துக்குள்ள போர்த்துக்கீசியம் கத்துக்கணும்னு கண்டிஷன் இருக்கு. இத்தனைக்கும் கோவா மாதிரி சில இடங்களைத் தவிர போர்த்துக்கல்லோட பலம் அப்ப இங்க ரொம்பவே குறைஞ்சுபோயிருந்துச்சு. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கூட தமிழோட சேர்த்து போர்த்துக்கீசியமும் படிச்சார், அடுத்த வருஷம் அவங்க கட்டின கோயில்ல ரெண்டு மொழியிலயும் பிரசங்கம் நடந்துச்சு.

அப்ப எப்பதான் போச்சுன்னா, இலங்கையில 1796ல இங்கிலீஷ்காரன் வந்து, போகப்போக உத்தியோகம், பள்ளிக்கூடம் ரெண்டையும் இங்கிலீஷோட கட்டினப்புறம்தான். புள்ளைக்கு ஆபீஸ்ல வேலை வேணும்னா வீட்டுல பேசறதையே மாத்திக்கத்தானே செய்வாங்க, டச்சுக்காரனோட உத்தரவால ஆகாதது சம்பளத்தால ஆச்சு. பலம் இருக்கறவன் மொழி ஜெயிக்கும்னு பொதுவா சொல்றதுல இந்த இடைப்பட்ட நூத்தம்பது வருஷம் விட்டுப்போயிடுது.

மட்டக்களப்புப் பக்கம் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளிக்காரங்க) குடும்பங்கள்ல கொஞ்சம் பேர் இப்பவும் அந்த மொழியைப் பேசறாங்க, பெரும்பாலும் வயசானவங்க. ரூம்மேட் இப்ப ஊர்லதான் இருக்கான், போன வருஷம் அவன் வீட்டுக்குப் போனப்ப அவங்கம்மா உள்ள இருந்தே கூப்பிட்டாங்க, "தம்பி, நேரா குசினிக்கு வாங்கோ." குசினின்னா சமையலறை, அதுவும் போர்த்துக்கீசியம்தான்.