களிக்கு மாறியும் எடை குறையவில்லை என்றால்

கணக்கில் வராத தீனிதான் காரணமாக இருக்கும். இரவில் சோற்றை விட்டு இரண்டு மாதம் ராகிக் களி சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்கிறீர்கள். ராகி மாவிலும் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி உண்டு, அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

தர்மபுரியில் கடை வைத்திருக்கிறேன். "டீ மட்டும்தான்" என்றே நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் ஐந்து டீ, பத்து ஸ்பூன் சர்க்கரை, அப்புறம் கல்லாவில் உட்கார்ந்தபடியே கைப்பிடி கைப்பிடியாக வறுகடலை.

ஏழு நாள், வாயில் போடும் முன்பே ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி யோசித்து எழுதினால் கடலை விட்டுப்போகும். மாம்பழக் கீற்றையும் எழுதாமல் விடாதீர்கள். நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம்.

நோட்டில் தெரியும் தீனியைக் குறைத்தும் எடை அசையவில்லையா, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.