கூன் போடும் தோள்: எண்ணெய் தேய்த்தால் நிமிருமா?

பிசியோதெரபி தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

தையல் கடை வைத்திருக்கிறேன். மேல் முதுகில் ஓயாத பிடிப்பு. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. ஏன்?

வலிப்பது முதுகில் என்றாலும், இறுகிக் கிடப்பது பெரும்பாலும் நெஞ்சுத் தசை. கழுத்தடியில் குறுக்காக ஓடும் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோள் மூட்டை ஒட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். சுரீர் என்கிறதா? அந்தத் தசை தோளை முன்னால் இழுத்தபடியே இருக்கிறது. முதுகுத் தசையோ நாள் முழுக்க நீண்டுபோய் நின்று தாங்குகிறது. அதை மட்டும் தேய்த்தால் சுகம் இரண்டு நாளோடு சரி.

சுவரைப் பார்த்து நின்று, அந்த இடத்தில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து மெல்லச் சாய்ந்து உருட்டுங்கள், பக்கத்துக்கு 1 நிமிடம். பிறகு முழங்கைகளை மடக்கி நிலைப்படியின் இரு பக்கமும் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து நெஞ்சை முன்னால் தள்ளி 30 விநாடி நில்லுங்கள். 3 முறை போதும். கடைசியாக, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடித்து விடுவதை 10 முறை செய்யுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேய்ப்பது தசையைத் தளர்த்தும். பலம் பயிற்சியால்தான் வரும்.

உங்கள் ஸ்டூலையும் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா, மெஷினுக்கு முன் தாழ்வான ஸ்டூலில் தோளைத் தூக்கியபடியே தைத்துக்கொண்டிருந்தார். பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்ததுமே தோள் இறங்கியது.

போன் பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் வந்துவிட்டது. சரியாகுமா?

பெரும்பாலும் நன்றாகவே குறையும். தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு வரும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்பக்கம் மண்டையோடு கழுத்தில் சேரும் பள்ளத்தை இரு கட்டைவிரலாலும் 1 நிமிடம் மெல்ல அழுத்திவிடுங்கள். பிறகு குனியாமல் தாடையை நேர் பின்னால் இழுத்து 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து சாமான் நழுவினாலோ இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சலூனில் கழுத்தைத் திருகி நெட்டி எடுக்கிறார்கள். நல்லதா?

வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு ரத்தக் குழாய்கள் போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவை கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மீட்பது கடினம். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், கழுத்தைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா?

கொஞ்ச நேரம் ஞாபகமூட்டும், அவ்வளவுதான். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு அதையே நம்பியிருந்தால் தசைக்குப் பலம் வராது.

அம்மாவுக்கு வயது 70. இரண்டு வருடத்தில் கூன் விழுந்து உயரமும் குறைந்துவிட்டது. நன்றாக அழுத்தித் தேய்த்துவிடச் சொல்கிறார்.

தயவுசெய்து அழுத்தாதீர்கள். உயரம் குறைந்திருந்தால் எலும்பு தேய்ந்து முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். வலியே இல்லாமல்கூட இது நடக்கும். எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் முதலில் எடுங்கள். முன்னால் வளைக்கும் பயிற்சிகளும் கூடாது. அதுவரை வெதுவெதுப்பான எண்ணெயை உள்ளங்கையால், தோள்களில் மட்டும், குழந்தைக்குத் தடவுவதுபோலத் தடவிவிடுங்கள். அவருக்கு அந்தக் கைச்சூடே இதமாக இருக்கும்.